தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகம்

நுழையும்முன்

'பொருள்களைத் தொடாதீர்' என்னும் அறிவிப்பை அருங்காட்சியகங்களில் கண்டிருப்பீர்கள். 'எடுத்துப் பாருங்கள், சுற்றிப் பாருங்கள், இடித்துப் பாருங்கள்' என்று அழைக்கும் அருங்காட்சியகங்களும் உள்ளன. அங்கே கண்ணைவிடக் கைக்கே வேலை மிகுதி. அத்தகைய இடங்களைப் பற்றியும், அங்கே பொருளோடு சேர்ந்து மீண்டு வரும் சில தமிழ்ச் சொற்களைப் பற்றியும் இப்பாடத்தில் படிப்போம்.

அரசர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறியச் சான்றுகள் பல உள்ளன. அவர்கள் எழுப்பிய கோட்டைகளும் கோயில்களும் நிற்கின்றன. வெளியிட்ட காசுகளும் பொறித்த கல்வெட்டுகளும் கிடைக்கின்றன. ஆனால், அந்தக் கல்வெட்டை வெட்டியவரின் வீட்டில் அன்று மாலை என்ன சமைத்தார்கள்? அரிசியை எதனால் குத்தினார்கள்? பிள்ளைகள் எதை வைத்து விளையாடினார்கள்? இவற்றுக்கு விடை கூறக்கூடிய பொருள்கள் பெரும்பாலும் நம்மிடம் வந்து சேரவில்லை. மண்பானை உடைந்தது, மர உலக்கை மக்கியது, மூங்கில் முறத்தைக் கறையான் அரித்தது. எஞ்சியவற்றையும் 'பழைய பொருள்தானே!' என்று மக்களே வீசி எறிந்தனர். பொன்னை ஒளித்து வைத்துக் காத்தவர்கள் அகப்பையைக் காக்கவில்லை.

அகப்பையையும் காக்க வேண்டும் என்று எண்ணிய ஒருவர் புனே நகரில் வாழ்ந்தார். அவர் பெயர் தினகர் கங்காதர் கேல்கர். 'அஞ்ஞாதவாசி' என்னும் புனைபெயரில் மராத்தியில் கவிதை எழுதியவர். அவருடைய மகன் ராஜா சிறு வயதிலேயே இறந்தான். பல்லாண்டுகள் ஊர் ஊராகச் சென்று தாம் திரட்டிய பொருள்களை அவர் அந்த மகனின் நினைவுக்கே உரியதாக்கினார். அவர் தேடியவை மணிமுடிகள் அல்ல. விளக்குகள், பாக்குவெட்டிகள், சீப்புகள், பூட்டுகள், சமையல் கலங்கள். அந்தத் தொகுப்பை அவர் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் என்னும் பெயரால் அது இன்றும் விளங்குகிறது. ஏறத்தாழ 20,000 பொருள்கள் அங்கு உள்ளன. ஒரு பாக்குவெட்டியை எத்தனை வடிவங்களில் செய்ய முடியும் என்பதை அங்கே காண்பவர் வியந்து நிற்பர்.

அருங்காட்சியகங்களில் இத்தகைய அரும்பொருள்கள் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படுகின்றன. அதற்குக் காரணம் உண்டு. நம் விரல்களில் எண்ணெய்ப் பசையும் வியர்வையின் உப்பும் இருக்கின்றன. ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆயிரம் பேர் தொட்டால் செம்பு கறுக்கும், துணி நைந்துபோகும், ஓலை முறியும். ஆயினும், பேழைக்குள் இருக்கும் பாக்குவெட்டியைக் காணும் மாணவருக்கு அதன் அழகு தெரியுமே தவிர, பாக்கின் கடினம் தெரியாது. இந்தக் குறையைப் போக்குவதற்காகப் பல அருங்காட்சியகங்கள் இரு வகைத் தொகுப்புகளை வைத்துக்கொள்கின்றன. அரிய மூலப்பொருள்கள் பேழைக்குள் இருக்கும். அவற்றைப் போலச் செய்யப்பட்ட படிகளும், எளிதில் கிடைக்கும் பழம்பொருள்களும் மாணவர் கையில் தரப்படும். மும்பையிலுள்ள சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயா 2015ஆம் ஆண்டு முதல் ஒரு பேருந்தையே நடமாடும் அருங்காட்சியகமாக்கி அனுப்பி வருகிறது. அருங்காட்சியகத்தைத் தேடி மாணவர் செல்வதுபோக, மாணவரைத் தேடி அருங்காட்சியகம் வருகிறது.

பொருளை மட்டும் அன்றி வீட்டையே காட்ட வேண்டும் என்னும் எண்ணம் பழையது. சுவீடன் நாட்டில் ஆர்தர் ஹாசேலியஸ் என்பவர், ஆலைகள் பெருகிச் சிற்றூர் வாழ்க்கை மறைந்து வருவதைக் கண்டார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, தலைநகர் ஸ்டாக்ஹோமில் மீண்டும் எழுப்பினார். 1891இல் திறக்கப்பட்ட அந்தத் திறந்தவெளி அருங்காட்சியகத்தின் பெயர் ஸ்கான்சென். இந்த வகை அருங்காட்சியகம் பின்னர் உலகெங்கும் பரவியது.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு போபால் நகரில் உள்ளது. இந்திரா காந்தி ராஷ்ட்ரிய மானவ் சங்கிரகாலயா என்பது அதன் பெயர். போபாலின் பெரிய ஏரிக் கரையிலுள்ள சியாமளா குன்றில் ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் அது அமைந்துள்ளது. அவ்வளாகத்திற்குள்ளேயே பழங்கால மக்கள் ஓவியம் தீட்டிய பாறைப் புகலிடங்களும் இருக்கின்றன. இங்குள்ள வீடுகளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. எந்த மக்களின் வீடோ அந்த மக்களே நேரில் வந்து, தம் கைமுறைப்படி அதனைக் கட்டியுள்ளனர். பொறியாளர் வரைபடம் வரைய, கூலியாள் கட்டிய வீடுகள் அல்ல அவை.

அவற்றுள் நம் நீலகிரியின் தோடர் குடிலும் ஒன்று. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்த அது, கவிழ்த்து வைத்த அரைப் பீப்பாயைப் போன்ற வடிவம் உடையது. அதன் வாயில் மிகச் சிறியது. பெரியவர் ஒருவர் தவழ்ந்துதான் உள்ளே நுழைய முடியும். 'இவர்களுக்குப் பெரிய கதவு செய்யத் தெரியாதா?' என்று கேட்கத் தோன்றும். குனிந்து நுழைந்து பார்த்தால் அக்கேள்வி தானே மறையும். உதகையின் மார்கழிக் குளிர்காற்று நுழைய வழியின்றி, அடுப்பின் வெப்பம் உள்ளேயே தங்குவதற்கு அந்தச் சிறு வாயில் உதவுகிறது. அது அறியாமையின் அளவு அன்று, குளிரின் அளவு.

இவ்வருங்காட்சியகம், 'செய்து கற்க' என்று பொருள்படும் பெயரில் பயிற்சிகளை நடத்துகிறது. மண் வனைதல், கூடை முடைதல், ஓவியம் தீட்டுதல் போன்ற கலைகளை, அவற்றைப் பரம்பரையாகச் செய்துவரும் கலைஞர்களே அங்கு வந்து கற்பிக்கின்றனர். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள தட்சிணசித்ராவிலும் இத்தகைய பயிற்சிகள் உண்டு. 1996ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் திறக்கப்பட்ட அந்த இடத்தில், தென்னிந்தியாவின் பல பகுதிகளிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட பழைய வீடுகள் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. செட்டிநாட்டு வணிகர் வீட்டையும் நெசவாளர் வீட்டையும் கேரளத்து மரவீட்டையும் ஒரே நாளில் சுற்றி வரலாம். விடுமுறைக்குச் சென்னை செல்வோர் கடற்கரையோடு நின்றுவிடாமல் அங்கும் செல்லலாம்.

மண் வனையும் சக்கரத்தின் முன் முதன்முறை அமரும் மாணவரைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். சக்கரம் சுழல்கிறது, ஈரக் களிமண் உருண்டை நடுவில் இருக்கிறது, கையை வைத்தால் பானை எழும்பும் என்று எண்ணுகிறார். எழும்புவதில்லை. மண் ஒரு புறமாகச் சாய்கிறது, தள்ளாடுகிறது, பிய்த்துக்கொண்டு தெறிக்கிறது. மண் உருண்டை சக்கரத்தின் நட்டநடுவில் நிலைபெறாத வரை எந்தக் கலமும் எழாது. அதை நிலைநிறுத்துவதற்கே பல நாள் பழக்கம் வேண்டும். அதன் பின்னும் வேலை முடிவதில்லை. சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுத்த கலத்தைச் சற்று உலரவிட்டு, உள்ளே ஒரு கல்லால் தாங்கி, வெளியே பலகையால் தட்டித்தட்டி, அடிப்பாகத்தை மூடி உருட்டியெடுக்க வேண்டும். கடையில் விலை கேட்டு 'இவ்வளவா?' என்று முகம் சுளிக்கும் பானைக்குள் இத்தனை வேலை இருக்கிறது. சக்கரத்திற்குத் தமிழில் 'திகிரி' என்னும் பழம்பெயர் உண்டு. 'கலம்' என்னும் சொல் பானைக்கும் உரியது, மரக்கலமாகிய கப்பலுக்கும் உரியது.

இனி முறத்திற்கு வருவோம். இப்பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

உமி, நொய், கல், முழு அரிசி ஆகியன கலந்த ஒரு பிடியை முறத்தில் இட்டு மாணவர் ஒருவரிடம் தந்தால் என்ன செய்வார்? குலுக்குவார், பாதி தரையில் சிந்தும். பழகிய பெண்மணி ஒருவர் அதே முறத்தை வாங்கினால் அவர் கை பலவாறாக அசையும். முறத்தை மேலும் கீழும் வீசித் தட்டினால் உமி காற்றில் பறக்கும், இது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்தால் சிறியதும் பெரியதும் தனித்தனியே ஒதுங்கும், இது கொழித்தல். மெல்ல எறிந்து எறிந்து ஏந்தினால் நுண்ணிய தூசி பிரியும், இது தெள்ளுதல். அகராதியில் இம்மூன்று சொற்களுக்கும் பெரும்பாலும் ஒரே வகையான பொருளே எழுதப்பட்டிருக்கும். படித்தால் வேறுபாடு விளங்காது. முறத்தைக் கையில் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்த்தால் மூன்றும் மூன்று வேலைகள் என்பது நொடியில் விளங்கிவிடும். தெளிவாகப் பேசுபவரைத் 'தெள்ளத் தெளிவாகப் பேசுகிறார்' என்கிறோம். அந்தத் தெள்ளுதலோடு முறத்தைச் சேர்த்து நினைப்பவர் இன்று எத்தனை பேர்?

முறம் தென்மாவட்டங்களில் 'சுளகு' எனப்படும். தில்லியிலோ பாட்னாவிலோ வசிக்கும் நீங்கள் இதனை வேறு பெயரில் பார்த்திருப்பீர்கள். சத் பூசையின்போது பழங்களை நிரப்பி நீர்நிலைக்குக் கொண்டு செல்லும் மூங்கில் தட்டு நினைவிருக்கிறதா? இந்தியில் 'சூப்' எனப்படும் அதுவும் முறமே. திருகையும் அவ்வாறே. இந்தியில் சக்கி, மராத்தியில் ஜாதே, கன்னடத்தில் பீசுகல்லு, தெலுங்கில் திரகலி. மராட்டியப் பெண்கள் அதனைச் சுற்றியபடியே 'ஓவி' என்னும் பாடல்களைப் பாடினர். தமிழ்ப் பெண்கள் உலக்கை இடிக்கும்போது பாடியது வள்ளைப்பாட்டு. இருவர் மாறிமாறி இடிக்கும்போது உலக்கைகள் மோதாமல் இருக்கத் தாளம் தேவை. அந்தத் தாளத்தைத் தந்தது பாட்டு. வேலையின் களைப்பை மறப்பதற்காகப் பாடினர் என்று மட்டும் கூறுவது போதாது.

அளவைகளையும் கையால் அறியலாம். எட்டுப் படி கொண்டது ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். அப்படியாயின் ஒரு கலத்துக்கு 96 படி. நெல் அளப்பவர் முதற்படியை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவது வழக்கம். அதன் பின்னரே இரண்டு, மூன்று என்று எண்ணுவார். படியைத் தலைதட்டி அளப்பதும் கோபுரமாகக் குவித்து அளப்பதும் ஒன்றல்ல. வாங்குபவர் குவித்து அளக்கச் சொல்வார். விற்பவர் கை தானாகவே தலைதட்டும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடி பிடியாக எண்ணிப் பார்க்கும் மாணவருக்குக் கணக்குப் பாடமும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது.

இத்தகைய நிகழ்ச்சிகளில் ஒரு குறையும் உண்டு. அரைமணி நேரம் திருகை சுற்றுவது விளையாட்டு. நாள்தோறும், விடியலுக்கு முன் எழுந்து, ஆண்டு முழுவதும் சுற்றுவது விளையாட்டு அன்று. நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் மாணவர், 'அக்காலம் எவ்வளவு இனிமையானது!' என்று கட்டுரை எழுதிவிடக்கூடும். ஆகவே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோ. ஒரு குடம் 12 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், குடத்தின் எடையை விட்டுவிட்டாலும் 12 கிலோ. வீட்டுக்கு நாளொன்றுக்கு எட்டுக் குடம் வேண்டுமானால் 96 கிலோ. அதைச் சும்மாட்டின் மீது ஏற்றி, கிணற்றிலிருந்து வீடு வரை நடந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமியரும். உங்கள் வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளிக்குப் போகாமல் இருந்ததற்கு அந்தக் குடமும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அந்தக் கிணற்றை யாரெல்லாம் அணுக முடிந்தது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. பழைய வீடுகளின் திண்ணையைக் காட்டுபவர்கள், வழிப்போக்கர் தங்குவதற்கு அது இடம் தந்தது என்று பெருமையோடு கூறுவர். அது உண்மை. அந்தத் திண்ணையில் அமர எல்லாரும் அனுமதிக்கப்படவில்லை என்பதும் உண்மை. சாதியின் பெயரால் பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கும் உரிமை பலருக்கு மறுக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், மகாராஷ்டிரத்தின் மகாடு என்னும் ஊரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று, சவதார் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார். அந்த ஒரு கை நீருக்காக அவர்கள் போராட வேண்டியிருந்தது. அருங்காட்சியகத்தில் குடத்தைத் தூக்கிப் பார்க்கும்போது அதன் எடையை மட்டும் அறிந்தால் போதாது. யார் கையில் அது இருக்க முடிந்தது என்பதையும் வழிகாட்டியிடம் கேளுங்கள். நல்ல வழிகாட்டி இக்கேள்வியால் மகிழ்வார்.

மிகப் பழைய காலத்தை எவ்வாறு தொடுவது? சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் நடந்த அகழாய்வு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட குடியிருப்பு ஒன்றை வெளிக்கொணர்ந்தது. அங்கே உறைகிணறுகள், நூல் நூற்கப் பயன்பட்ட தக்களிகள், பகடைக் காய்கள், பெயர் கீறிய பானை ஓடுகள் ஆகியன கிடைத்தன. ஓடு ஒன்றில் 'ஆதன்' என்னும் பெயர் தமிழி எழுத்தில் உள்ளது. அந்தப் பானைக்கு உரியவர் நம்மைப் போலவே தம் பொருளில் தம் பெயரை எழுதி வைத்திருக்கிறார். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் இவற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் அங்குத் திறக்கப்பட்டது. அங்குள்ள பொருள்களுள் மாணவர்களை மிகவும் ஈர்க்கக்கூடியவை வட்டச் சில்லுகள். உடைந்த பானையின் ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய விளையாட்டுக் காய்கள் அவை. பாண்டி ஆடும் பிள்ளைகள் இன்றும் கட்டம் கீறி ஓட்டுச் சில்லைத்தான் எறிகிறார்கள். பேழைக்குள் இருக்கும் சில்லை எடுத்து எறிய இயலாது. ஆனால், அதைப் போன்ற ஒன்றைச் செய்வதற்கு உடைந்த பூந்தொட்டியும் சொரசொரப்பான தரையும் போதும். தேய்த்து முடிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பலருடைய வீடுகளில் அருங்காட்சியகம் ஏற்கெனவே தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறது. ஊரிலுள்ள ஆச்சியிடமோ அப்பத்தாவிடமோ 'முறத்தில் எப்படிக் கொழிப்பீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார், 'இது எதற்கு உனக்கு?' என்பார். பிறகு சொற்களால் விளக்க முயன்று, இயலாமல், காணொலி அழைப்பில் எழுந்து நின்று கைகளை அசைத்துக் காட்டுவார். அந்தக் கைகளில் அப்போது முறம் இருக்காது. ஆயினும், அசைவு தவறாமல் வரும்.

சொல்லும் பொருளும்

உமி – நெல்லின் மேல்தோல். நொய் – உடைந்த அரிசி. பேழை – பெட்டி. தக்களி – நூல் நூற்கும் கருவி. சும்மாடு – சுமையின் அடியில் தலைமேல் வைக்கும் துணிச்சுருள். உறைகிணறு – சுடுமண் வளையங்களை அடுக்கி அமைத்த கிணறு.

எண்ணி விடை எழுதுக

1. தோடர் குடிலின் வாயில் சிறியதாக அமைந்ததற்குப் பாடம் கூறும் காரணம் யாது? நீங்கள் வாழும் ஊரின் பழைய வீடுகளில் வெப்பத்திற்கோ மழைக்கோ ஏற்பச் செய்யப்பட்ட ஓர் அமைப்பைக் கூறுக.

2. ஒரு குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 6 குடம் நீர் தேவை. ஒரு குடம் 15 லிட்டர் கொள்ளும். ஒரு வாரத்தில் சுமக்கும் நீரின் எடை எவ்வளவு?

3. 'புடைத்தல்', 'கொழித்தல்', 'தெள்ளுதல்' ஆகியவற்றை வகுப்பில் ஒரு தட்டையும் காகிதத் துண்டுகளையும் கொண்டு நடித்துக் காட்டுக. பார்ப்பவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.

4. பழைய வீட்டின் திண்ணையைப் பற்றிப் பாடம் கூறும் இரண்டு உண்மைகளுள் ஒன்றை மட்டும் கூறினால் என்ன குறை நேரும்? ஐந்து தொடர்களில் எழுதுக.

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள பழைய பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் தமிழ்ப்பெயர், நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் அதன் பெயர், அதனைக் கொண்டு செய்யும் வேலையைக் குறிக்கும் தமிழ் வினைச்சொல், கடைசியாக அதனைப் பயன்படுத்தியவர் யார் என்பது ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி, அப்பொருளோடு வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள். கொண்டுவர இயலாத அளவு கனமானதாயின், அதனைத் தூக்க எத்தனை பேர் வேண்டியிருந்தது என்று எழுதுங்கள்.